அத்தைக்கு ஒரே ஒரு பட்டன்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னமும் பழைய ரிமோட்டுகளைக் குடைந்துகொண்டிருக்கும் என் சகாக்களே, நேற்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், நீங்க முதமுதல்ல பிடிச்ச சிக்னல் எது?" நான் சார் இல்லை என்று எத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனிச் சொல்வதாக இல்லை, அலுத்துவிட்டது. ஏசி ரிமோட் தொலைந்துபோச்சு, கோட் அனுப்புங்க. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை நாய் கடிச்சிருச்சு, கோட் அனுப்புங்க. அனுப்புகிறேன். ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும். கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் தள்ளிவிட்டுப் போங்கள்.

நம் பொழுதுபோக்கை வெளியாரிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ரிமோட்டின் மூக்கில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. பட்டனை அமுக்கினால் அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படபடவென்று துடிக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு துடிப்பு. அந்தத் துடிப்பைப் பிடித்து, கோட் என்று எழுதிவைத்து, ரிமோட்டைத் தொலைத்தவனுக்குக் கொடுக்கிறோம். அம்புட்டுத்தான். இதற்குப்போய் இத்தனை வருஷமா என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். எனக்கு இது தொற்றியது எட்டாம் வகுப்பில். தொற்றவைத்தது என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. அத்தையால் ஒரு ரிமோட்டைக் கையில் பிடிக்கக்கூட முடியாது.

எங்கள் ஊர் தாயில்பட்டிப் பக்கம். அப்பா ஊருக்கு மேற்கே இருந்த ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அம்மாவுக்கு அதே ஆலையில் பேக்கிங் வேலை. அத்தையும் அங்கேதான் திரி முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளிச் சீசனில் அவள் இருந்த அறை தீப்பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. உயிர் மிஞ்சியது. இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. முழங்கால்கள் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டன. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அந்த அறையில் எப்போதும் தேங்காயெண்ணெய் வாடையும் ஏதோ களிம்பின் வாடையும் இருக்கும். இன்றைக்கும் மருந்துக்கடையில் அந்த வாடை வந்தால் நான் வெளியே வந்து நின்றுகொள்வேன்.

அப்பா அவளுக்காக ஒரு கலர் டிவி வாங்கினார். எங்கள் தெருவில் ரிமோட் வைத்த முதல் டிவி அதுதான். ரிமோட்டுக்கு அம்மா ஒரு பாலித்தீன் உறை போட்டு, ரப்பர் பேண்டால் கட்டிவைத்தாள். சாம்பல் நிறப் பட்டன்கள் அந்த உறைக்குள் மங்கலாகத் தெரியும். சீசன் சமயத்தில் அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கிளம்பும்போது அப்பா டிவியைப் போட்டு, சத்தத்தையும் நன்றாகக் கூட்டி வைத்துவிட்டுப் போவார். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து அத்தைக்குக் கஞ்சி ஊட்டுவாள். அவளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்: டிவியை மட்டும் யாரும் அணைக்கக் கூடாது.

சித்திக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் வருவதே தொடர் பார்க்கத்தான். ஒரு கண் கரண்டியில், ஒரு கண் டிவியில். கஞ்சி பாதி நேரம் அத்தையின் தாடையில் வழியும்.

ஊரே அப்பாவை மெச்சியது. "உடன்பொறந்தான்னா இப்படில்ல இருக்கணும், தங்கச்சிய மகாராணி மாதிரி வச்சிருக்காக" என்றார்கள். அத்தையும் "ஆமா" என்று சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. முன்னறையில் பாயில் கிடந்தேன். டிவியில் ஏதோ படம் ஓடியது, வில்லன் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்ட் போய்விட்டது. "ஐயோ, கரண்டாபீஸ் பாவி மட்டைக இப்பத்தான் பிடுங்கணுமா! நீ பாவம், என்ன செய்வ?" என்று சித்தி அத்தைக்காகப் புலம்பிவிட்டு எழுந்து போனாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முகம் அப்படியே தளர்ந்தது. வெயிலில் அலைந்து வந்தவள் தண்ணீர் குடித்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டாள். கரண்ட் வந்து டிவி மறுபடி அலறியதும் அந்த முகம் பழையபடி இறுகிவிட்டது.

"அத்தே, டிவிய நிப்பாட்டவா?"

"நிப்பாட்டு தாயி. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன் அத்தே, பிடிக்கலியா?"

"தலைய வலிக்கி."

"அப்பாட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"எனக்குன்னு ஆசையா வாங்கிப் போட்ருக்காக. அதப் போயி வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா? மனசு நொந்துரும் அவுகளுக்கு."

அன்றைக்கு நிப்பாட்டினேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம். பகலெல்லாம் யார் நிப்பாட்டுவார்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பெரியப்பா மகனிடம் போனேன். அவன் விருதுநகரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். எலெக்ட்ரானிக்ஸ். சனி, ஞாயிறு சிவகாசியில் பெரியப்பா வேலை பார்த்த அச்சகத்தில் கிடப்பான், அங்கே டிசைன் போடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பூவும் பட்டாசு லேபிளுக்குச் சிங்கமும் போடுகிற கம்ப்யூட்டர்.

அண்ணன் கேட்டதும் குதித்தான். "ஏ புள்ள, சூப்பர் ஐடியா! அத்த முழங்கையால அமுக்குற மாதிரி பெரிய பட்டனா வச்சிருவோம். சேனல் மாத்த ஒண்ணு, சத்தம் கூட்ட ஒண்ணு, குறைக்க ஒண்ணு..."

"அணைக்கிறதுக்கு மட்டும் போதும்ணே."

"அணைக்கிறதுக்கு மட்டுமா? அதுக்கு எதுக்கு புள்ள ரிமோட்டு?"

அத்தையிடமே வந்து கேட்டான். அவள் சொன்னது: "ஒரே ஒரு பட்டன் போதும்ப்பா. அணைஞ்சாப் போதும்." அத்தை கூச்சத்தில் குறைத்துக் கேட்கிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். படித்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்தானே, நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செத்துப்போன ஒரு டிவியிலிருந்து ரிமோட் வெளிச்சத்தை வாங்குகிற, மூன்று கால் வைத்த சின்னக் கறுப்பு சென்சாரை அண்ணன் கழற்றிக்கொண்டு வந்தான். அதைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் சொருகி, ரிமோட்டை அதன் முன்னால் அமுக்கி, பாட்டைப் பதிவு செய்கிற மாதிரி பதிவு செய்தான். திரையில் கோடு கோடாக எழுந்தது. மேடு, பள்ளம், மேடு, மேடு, பள்ளம். முதல்தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் பிடித்துவிட்டோம்! இன்றைக்கு ஆளுக்கொரு போனில் நொடியில் பிடிக்கிறீர்கள், உங்களுக்கு அந்தச் சிலிர்ப்பு புரியாது.

அதைக் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் அச்செடுத்தோம். மறுபக்கம் ஏதோ ஒரு சாமியின் பாதி முகம், அச்சு பிசகிக் கழித்துப் போட்டது. நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்கேல் வைத்து அளந்து, மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்குச் சுழி என்று பென்சிலால் குறிப்பேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. வெளியே அச்சு மெஷின் தடக் தடக்கென்று ஓடும், தரை அதிரும், என் கோடு கோணும்.

அதில் ஒரு வில்லங்கம் வந்தது. ஒரே பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு விதமாக வந்தது. ஒரு இடத்தில் மட்டும் ஒன்று சுழியாகிவிடும். மூன்றாவது தடவை முதல் மாதிரியே வரும், நான்காவது தடவை இரண்டாவது மாதிரி. அண்ணன் என்னை வைதான்.

"ஏ புள்ள, கைய ஆட்டாதன்னு சொன்னேம்லா?"

"நான் ஒண்ணும் ஆட்டல."

"பொறகு எப்படி மாறும்? ரிமோட்டுக்குப் பித்தா பிடிச்சிருக்கு?"

கடைசியில், ஒன்று சரி, மற்றது என் கை நடுக்கம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சரியென்று பட்டதை மட்டும் காலேஜ் லேபில் ஒரு சிப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

அதோடு நிற்கவில்லை. ரிமோட்டின் எல்லாப் பட்டன்களையும் நாங்கள் பிடித்துவைத்திருந்தோம் அல்லவா, அதை உலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றான். உலகம் விருதுநகர் பஜாரில் ஒரு மாடியில் இருந்தது. பிரவுசிங் சென்டர். கீழே மிளகாய் வத்தல் குடோன். மூட்டை பிரித்தார்களானால் மாடியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தும்முவோம், கீபோர்டுக்குள் எச்சில் தெறிக்கும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் வீட்டு ரிமோட் கோட்களை ஒரு மின்னஞ்சல் குழுவில் போட்டுவைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் எங்கள் டிவியின் பெயரைப் போட்டு, என் ஒன்றுகளையும் சுழிகளையும் போட்டு அனுப்பினான். தாயில்பட்டி முன்னறையிலிருந்து போன கோட்! யாராவது எடுத்தார்களா என்று தெரியாது. அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பெட்டி தயாரானது. கல்யாணப் பத்திரிகை வைத்துக் கொடுக்கிற அட்டைப் பெட்டி ஒன்று. மூடியை முழங்கையால் அழுத்தினால் உள்ளே இரண்டு தகரப் பட்டைகள் தொட்டுக்கொள்ளும். உள்ளே சிப்பு, பேட்டரி, வயர்க் குழப்படி. வெளியே வந்த ஒற்றை விளக்கை டிவியைப் பார்க்கக் கட்டில் காலில் கட்டினோம். அத்தை முழங்கையை வைத்து அழுத்தினாள்.

டிவி அணைந்தது.

அத்தை மூச்சை நீளமாக விட்டாள். அண்ணன் துள்ளிக்கொண்டு, "இன்னொரு தடவ அமுக்குங்கத்தே, திரும்ப வரும்" என்றான். அமுக்கினாள். வரவில்லை. மறுபடி அமுக்கினாள். வரவே இல்லை. அசல் ரிமோட்டைத் தொட்டபிறகுதான் பெட்டி மறுபடி ஒரு தடவை வேலை செய்தது. அதற்குமேல் கிடையாது. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"ஒரே ஒரு தடவதான் கேக்குதுத்தே. தப்பு எங்கன்னு தெரியல. எடுத்துட்டுப் போயிச் சரி பண்ணிட்டு வாரேன்."

"வேண்டாம்யா, இங்கனயே இருக்கட்டும்" என்றாள் அத்தை. "ஒருக்க அணைஞ்சாப் போதும். அது திரும்ப எதுக்கு எரியணும்?"

பிறகு தினமும் ஒரு நாடகம். காலையில் அப்பா போட்டுவிட்டுப் போவார். நான் பெட்டியை அத்தையின் போர்வைக்கு அடியில் சொருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சித்தியின் தொடர் முடியும்வரை அத்தை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் போனதும் அழுத்திவிடுவாள். சாயங்காலம் நான் ஓடிவந்து, அப்பா வருவதற்குள் ரிமோட்டால் டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவேன். அப்பா வந்து, டிவி அலறுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். அத்தை எனக்குக் கண்ணைக் காட்டுவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்தப் பெட்டியின் கோளாறு என்னவென்று நம் குழுவில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்த ரகத்து ரிமோட்டுகள் ஒரே பட்டனை அடுத்தடுத்து அமுக்கினால் வேண்டுமென்றேதான் ஒரு இடத்தை மாற்றி அனுப்பும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்குகிறானா, அமுக்கியே வைத்திருக்கிறானா என்று டிவிக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு. எங்கள் பெட்டி எப்போதும் ஒரே மாதிரி அனுப்பியதால், யாரோ விரலை எடுக்கவே இல்லை என்று டிவி நினைத்துக்கொண்டது. அந்தக் குழுவில் அண்ணன் கேட்டிருந்ததற்கு, முகம் தெரியாத ஒருவர் இதை மின்னஞ்சலில் எழுதியிருந்தார். அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "உன் கை நடுங்கல புள்ள" என்று மட்டும் சொன்னான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதில் வந்தபோது சரி செய்வதற்குப் பெட்டி இல்லை.

அப்பாவின் ஃபோர்மேன் வேலை அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. ஆலையில் எந்தச் சாமான் மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் தண்ணீரில் போடு, பிறகு என்னவென்று யோசி. அதுதான் அங்கே பழக்கம். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸியில் கருகல் வாடை வருகிறது என்று ஒருநாள் வயரைப் பிடுங்கி, சட்னியோடு தொட்டியில் அமுக்கினார். அம்மா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சித்தி கஞ்சி ஊட்டிவிட்டுப் போயாயிற்று. அத்தை டிவியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். நான் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம். ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்பா உள்ளே ஓடிவந்தார். மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனவர், எடுக்க வந்திருக்கிறார். தெருவிலேயே டிவி சத்தம் கேட்கவில்லை என்றதும் பதறிவிட்டார்.

"ஏத்தா! என்னாச்சு? கரண்ட் இல்லியா?"

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஃபேனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், அத்தையின் முழங்கைக்கு அடியில் போர்வை விலகித் தெரிந்த பெட்டியைப் பார்த்தார். வயர். பேட்டரி.

"என்ன இது? யாரு கொண்டாந்து வச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதை உருவி எடுத்துவிட்டார். கட்டில் காலிலிருந்த விளக்கும் பிய்ந்துகொண்டு வந்தது. கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். நடந்தார், ஓடவில்லை. அப்படிப்பட்ட சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்று ஆலையில் பழக்கம். தொட்டியில் முக்கிப் பிடித்தார். அட்டை ஊறிக் குமிழி விட்டது. நான் பின்னாலேயே ஓடி, "அப்பா, அது ரிமோட்டுப்பா, வெறும் ரிமோட்டு" என்று கத்தினேன்.

"நெருப்புல வெந்தவ படுக்கையில கொண்டுபோயி வயர வைக்கியே, அறிவிருக்கா உனக்கு?" என்றார். அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. உள்ளே வந்து, உறை போட்ட ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டு, சத்தத்தை எப்போதையும்விடக் கூட்டினார்.

"அண்ணே" என்றாள் அத்தை. "அத அணைங்க."

அவருக்குக் கேட்கவில்லை. அத்தை கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, அத அணைங்கண்ணே!"

அப்பா திகைத்துப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். "பிள்ளைகள ஒண்ணும் சொல்லாதீக. நான் கேட்டுத்தான் செஞ்சு குடுத்தாக" என்றாள் அத்தை.

"எதுக்குத்தா? ஆலையில சாம்பிள் வெடி போட்டுப் பாக்குற சத்தம் உன் காதுல விழக் கூடாதுன்னுதான நான் இதப் போட்டு வச்சிட்டுப் போறேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் நீ தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கெடந்தியே, பாத்துக்கிட்டா இருக்கச் சொல்லுத?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் வாயத் தொறக்கல." அத்தைக்குக் கண்ணீர் வழிந்தது, அவளால் துடைக்க முடியாது. நான் போய்த் துடைத்தேன். "நீங்களும் மதினியும் விடிஞ்சதும் மேக்க போயிருறீக. அங்கன ஒண்ணு ஆச்சுன்னா எனக்குக் கேக்க வேண்டாமா? ஒண்ணும் ஆகலன்னும் எனக்குத் தெரிய வேண்டாமா? இந்த டிவிப் பொட்டிக்குள்ளயும் வெடிக்கான், வெளியவும் வெடிக்கு. எது எங்கன்னு தெரியாம நான் நாளு பூராவும் செத்துச் செத்துப் பொழைக்கேண்ணே."

அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஃபேன் சுற்றுகிற சத்தம். எங்கோ ஒரு கோழி. தெருக் குழாயில் யாரோ குடத்தை வைத்தார்கள். அப்புறம் மேற்கே, தூரத்தில், ஒரு வெடிச்சத்தம். ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் அத்தை. "ஒத்தச் சத்தம்னா சாம்பிளு. தொடர்ந்து அடுத்தது வருதான்னு பாக்கணும். அதுதான்."

அப்பா உட்காரவில்லை. அம்மா அங்கே பேக்கிங் அறையில் இருந்தாள். எத்தனையோ வருஷம் அந்த ஆலைக்குள் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அப்பா. அம்மா அங்கே இருக்கும்போது வீட்டிலிருந்து அவர் அதைக் கேட்பது அன்றைக்குத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார். கழுத்தில் வேர்வை இறங்கி சட்டைக் காலர் நனைந்தது. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். அடுத்த சத்தம் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அப்பா திரும்பாமலேயே கேட்டார்.

"எம்புட்டு நேரந்தா இப்படிக் கேட்டுக்கிட்டே கெடப்ப?"

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல செருப்பக் கழட்டிப் போடுற வரைக்கும்ணே" என்றாள் அத்தை.